அப்பாவுக்குப் போட்ட மார்க்

6 ஆகஸ்ட், திங்கள்

சித்தப்பாவுக்கு,

நான் இந்தக் கடிதம் எழுதுவது யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. அப்பாவும் அம்மாவும் தூங்கிவிட்டார்கள். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். யாராவது வந்தால் தண்ணீர் குடிக்க வந்தேன் என்று சொல்லிவிடலாம். பேனா உரசும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கிறது.

நீங்கள் வீட்டை விட்டுப் போய் ஐந்து மாதம் ஆகிறது. உங்கள் பேச்சை எடுத்தாலே அப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுகிறார். அம்மாவின் போனில் உங்கள் எண்ணையும் அழித்துவிட்டார். உங்கள் அறை முகவரி ஒரு பழைய கூரியர் உறையில் கிடைத்தது.

அன்றைய சண்டை எனக்கு வரிவரியாக ஞாபகம் இருக்கிறது. உங்கள் கம்பெனி அப்பாவின் கம்பெனிக்குச் செய்து தரும் வாடிக்கையாளர் சாஃப்ட்வேரை ஒரு டேப்லெட்டில் போட்டு நீங்கள் கொண்டுவந்திருந்தீர்கள். "அண்ணே, உங்க நோட்டுல இருக்கிறதை எல்லாம் குடுங்க, உள்ள ஏத்திடறேன்" என்றீர்கள். அப்பா, "இருபத்திரண்டு வருஷமா தெருத்தெருவா எடை மெஷின் விக்கிறேன். எனக்கும் கடைக்காரனுக்கும் நடுவுல இந்த டேப் யாரு, தரகரா?" என்றார். நீங்கள், "நாளைக்கு நீங்க இல்லேன்னா கம்பெனி என்ன பண்ணும்?" என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகு யாரும் சாப்பிடவில்லை.

போன வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஏப்ரலிலிருந்து ஜூலை வரை அவருடைய பதிவுகளில் நாற்பத்தொரு இடங்களுக்கு 'வாய்ப்பு' எண்பதுக்கு மேல் போட்டிருக்கிறதாம். அதை நம்பி, கடைக்கு நாலைந்து என்று கணக்குப் போட்டு, கம்பெனி இருநூறு மெஷின் வரவழைத்துவிட்டது. அந்த நாற்பத்தொன்றில் இரண்டு பேர்தான் வாங்கினார்கள். மற்ற மெஷின்கள் குடோனில் கிடக்கின்றன. பொய்த் தகவல் கொடுத்ததற்கு ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று 20ஆம் தேதி திங்கட்கிழமைக்குள் அப்பா எழுதித் தர வேண்டும்.

அப்பா மூன்று தடவை படித்தார். "நான் எப்ப எண்பது போட்டேன்?" என்று அம்மாவைக் கேட்டார். "என்னைக் கேட்டா?" என்றாள் அம்மா.

சித்தப்பா, அந்த டேபில் கடைசிக் கட்டத்தில் சதவீதம் கேட்குமே, அது எதற்கு? யார் யாருக்குப் போடும் மார்க் அது? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பதிலை எங்கள் பள்ளிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடை அக்கா முகவரிக்குப் போடுங்கள். பின்னால் எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

சுண்டெலி


9 ஆகஸ்ட், வியாழன்

சுண்டெலிக்கு,

உறையைப் பார்த்ததும் தொடாமல் மேஜை மேலேயே விட்டுவிட்டேன். இந்தக் காலத்தில் கோர்ட்டும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும்தான் கடிதம் போடுகின்றன. உன் கையெழுத்து என்று தெரிந்த பிறகுதான் பிரித்தேன்.

முதலில் உன் கேள்வி. அது மார்க் இல்லை. அந்தக் கடைக்காரர் மெஷின் வாங்குவதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று சேல்ஸ்மேன் போடும் கணக்கு. எண்பது என்றால் ஏறக்குறைய வாங்கிவிடுவார் என்று அர்த்தம். எல்லாருடைய எண்களையும் கூட்டித்தான் அப்பா ஆபீஸில் கணக்குப் பார்க்கும் ரிப்போர்ட் மேடம் அடுத்த மாதத்துக்கு எத்தனை மெஷின் வேண்டும் என்று முடிவு செய்கிறார்.

ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. அந்தக் கம்பெனியில் சாஃப்ட்வேரை ஒழுங்காக நிரப்பிய ஒரே ஆள் உன் அப்பாதான். ஒன்பது சேல்ஸ்மேன்களில் ஒருவர் எல்லாக் கட்டத்திலும் 'சரி சரி சரி' என்று தட்டிவிட்டுப் போகிறார். இன்னொருவர் வாடிக்கையாளர் பெயர் கேட்கும் இடத்தில் தன் மாமனார் பெயரை நாற்பது தடவை போட்டிருக்கிறார். அந்த மாமனார் காகிதத்தில் நாற்பது எடை மெஷினுக்குச் சொந்தக்காரர். அண்ணன் மட்டும் ஒரு நாள் விடாமல், முழு வாக்கியமாக எழுதுகிறார். திங்கட்கிழமை மீட்டிங்கில் அதைத்தான் பெரிய திரையில் காட்டுவார்கள்.

சாஃப்ட்வேர் வேலை இழுத்துக்கொண்டே போகிறது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம். சேல்ஸ்மேன்களுக்குப் பயிற்சி போதாது என்கிறார் அப்பா கம்பெனியின் பெரிய சார். மனசு போதாது என்கிறார் ரிப்போர்ட் மேடம். அறுபத்து மூன்று கட்டம் கேட்டார்கள், அறுபத்து மூன்றும் கொடுத்துவிட்டோம், அவ்வளவுதான் என்கிறது என் கம்பெனி. மூன்றையும் கேட்டுவிட்டு அறைக்குத் திரும்பினால் எனக்குத் தலை சுற்றுகிறது.

இத்தனை அழகாக எழுதுகிறவர் எண்ணை மட்டும் ஏன் பொய்யாகப் போடுவார்?

அது இருக்கட்டும். உனக்கு எதற்கு இந்தச் சதவீதம்?

சித்தப்பா


11 ஆகஸ்ட், சனி

சித்தப்பாவுக்கு,

விளக்கைப் போடாமல் ஜன்னல் வெளிச்சத்தில் எழுதுகிறேன். கையெழுத்து மோசமாக இருந்தால் மன்னியுங்கள்.

அதையெல்லாம் எழுதியது அப்பா இல்லை. நான்.

ஏப்ரல் மாதம் ஆபீஸில் ஒரு சுற்றறிக்கை கொடுத்தார்கள். டேபில் பதியாதவர்களைக் குடோன் வேலைக்கு மாற்றுவோம் என்று அதில் இருந்தது. அப்பா அதை மடித்து ஜன்னல் கம்பியில் செருகிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அம்மா எடுத்துப் படித்துவிட்டு அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். அப்பாவால் நாலு பேரிடம் பேசாமல் ஒரு நாள் இருக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும். குடோனில் பெட்டிகளிடம் என்ன பேசுவார்?

டேப் உறைகூடப் பிரிக்காமல் பீரோ மேலே கிடந்தது. உறையின் பின்பக்கம் நீங்களே பாஸ்வேர்டை எழுதி ஒட்டியிருந்தீர்கள். அப்பா தூங்கியதும் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, அன்றைக்குப் போன இடங்களைப் பார்த்துப் பார்த்து ஏற்றினேன். ஒரு நாள்தான் என்று நினைத்தேன். மறுநாளும் டேப் கேட்டது. அதற்கு மறுநாளும்.

அப்பா நோட்டில் இரண்டு மூன்று வார்த்தைதான் இருக்கும். 'பேக்கரி, சிரித்தார்.' 'ஆஸ்பத்திரி ஸ்டோர், நன்றாகப் பேசினார்.' 'இரும்புக் கடை, திட்டினார்.' அதை அப்படியே போட்டால் குறைந்தது இருபது எழுத்து வேண்டும் என்று சிவப்பாகக் காட்டும். அதனால் கட்டுரை எழுதுவது போல நீட்டி எழுதினேன்.

கடைசிக் கட்டத்தை நான் மார்க் என்றுதான் நினைத்தேன், சித்தப்பா. அன்றைக்கு அந்தக் கடையில் அப்பா எப்படி வேலை செய்தார் என்பதற்கு மார்க். கடைக்காரர் சிரித்திருந்தால் அப்பா நன்றாகச் செய்திருக்கிறார் என்று அர்த்தம், அதனால் தொண்ணூறு. காபி கொடுத்திருந்தால் எண்பத்தைந்து. திட்டியிருந்தால் முப்பத்தைந்து. அதற்குக் கீழே போட்டதில்லை. அப்பாவை ஃபெயிலாக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது அந்த மார்க்கால் அவருக்கு வேலை போகப்போகிறது. நேற்று வகுப்பில் டீச்சர் என் பெயரைக் கூப்பிட்டபோது ஆபீஸிலிருந்துதான் யாரோ வந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். நான் என்ன செய்ய வேண்டும்? உண்மையைச் சொன்னால் டேபையும் நோட்டையும் என் கைக்கு எட்டும்படி விட்டதற்கு அப்பாவைத் தண்டிப்பார்களா? சொல்லாவிட்டால் பொய் எழுதியதற்குத் தண்டிப்பார்களா? எது சின்னது என்று எனக்குத் தெரியவில்லை.

சுண்டெலி


13 ஆகஸ்ட், திங்கள்

சுண்டெலி,

இதை நாலாவது தடவையாக எழுதுகிறேன். மூன்றைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தேகம் இருந்தது. எல்லாப் பதிவும் ராத்திரி பத்தரைக்கு மேல்தான் வரும். 'பேக்கரி உரிமையாளர் அகமகிழ்ந்து வரவேற்றார்' என்று ஒருநாள் இருந்தது. அண்ணன் எந்த ஜென்மத்திலும் 'அகமகிழ்ந்து' என்று எழுத மாட்டார். அண்ணிதான் எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். ஏனென்றால் சாஃப்ட்வேர் ஓடுகிறது என்று காட்ட என்னிடம் இருந்தது அந்த ஒரு பக்கம்தான். அதையும் எடுத்துவிட்டால் மாமனார்தான் மிஞ்சுவார்.

இன்று உன் பதிவுகளை முழுக்க எடுத்துப் பார்த்தேன். குழப்பம் இன்னும் கூடிவிட்டது. நீ தொண்ணூறு போட்ட இடங்களில் யாருமே வாங்கவில்லை. முப்பத்தைந்து போட்டது பதினேழு இடம். அதில் பதினாலு பேர் வாங்கியிருக்கிறார்கள். இது எப்படி? என் கம்பெனியில் கேட்டால் 'டேட்டா சரியில்லை' என்கிறார்கள். சரியில்லாத டேட்டா இப்படி ஒழுங்காகத் தலைகீழாக இருக்குமா?

சரி, அதை விடு. ஒரு வழி இருக்கிறது. உள்ளே போய் எண்களை மாற்ற என்னால் முடியும். கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லிவிடலாம். அண்ணன் தப்பிவிடுவார். நீ யாரிடமும் வாயைத் திறக்காதே.

சித்தப்பா


15 ஆகஸ்ட், புதன்

சித்தப்பாவுக்கு,

தயவுசெய்து எதையும் மாற்றாதீர்கள். அல்லது மாற்றுங்கள். எனக்குத் தெரியவில்லை. முதலில் இதைப் படியுங்கள்.

இன்று மாலை நான் அறையில் படிப்பது போல உட்கார்ந்திருந்தேன். அப்பா கூடத்தில் அந்த விளக்கக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் துணி மடித்தாள்.

"இது தம்பி வேலைதான்" என்றார் அப்பா. "நான் டேபைத் தொடலேன்னு அவனுக்குத் தெரியும். எனக்கு வேலை போயிடக் கூடாதுன்னு உள்ள உக்காந்து அவனே நிரப்பியிருக்கான். மீட்டிங்ல என் பேரைச் சொல்லிக் கைதட்டினாங்களே, அப்பவே புரிஞ்சுபோச்சு."

"புரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?"

"பேச்சுவார்த்தையே இல்ல, எப்படிக் கேக்கிறது? வெளியில முறைச்சுக்கிட்டாலும் உள்ளுக்குள்ள நமக்காக ஏதோ பண்றானேன்னு... சரி, பண்ணட்டும்னு விட்டுட்டேன்."

"அப்ப அதையே எழுதிக் குடுங்க. நீங்க ஏன் மாட்டிக்கிறீங்க?"

"எழுதினா அவன் வேலை போயிடுமேடி. அவன் இப்பத்தான் வாழ்க்கையில தலையெடுக்கிறான்."

எல்லாவற்றையும் தானே எழுதியதாகவும், தன் கணிப்பு தப்பாகிவிட்டதாகவும் அப்பா கையெழுத்துப் போடப்போகிறார். உங்களைக் காப்பாற்ற. நீங்கள் செய்யாத ஒன்றுக்காக.

நான் எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கதவு வரை போனேன். திரும்பி வந்து பூகோளப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்கவில்லை.

சுண்டெலி


17 ஆகஸ்ட், வெள்ளி

சுண்டெலி,

தபாலில் போட்டால் தாமதமாகும் என்று நேரில் வந்து ஜெராக்ஸ் கடையில் கொடுக்கிறேன். உன் பள்ளி மணி அடிப்பதற்குள் போய்விடுவேன். உன்னைப் பார்த்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

எதையும் மாற்றவில்லை. மாற்ற மாட்டேன்.

அப்பாவிடம் நீ சொல்லிவிடு. நான் சொல்கிறேன் என்றுதான் முதலில் எழுதினேன். ஆனால் என் வாயால் கேட்டால் நம்ப மாட்டார், உன்னையும் காட்டிக்கொடுத்தது போல ஆகும். பயமாக இருந்தால் என் கடிதங்களையும் காட்டு. நான் நல்லவனாகத் தெரிகிற வரிகளை மட்டும் பொறுக்கிக் காட்டாதே, எல்லாவற்றையும் காட்டு.

திங்கட்கிழமை அப்பா விளக்கம் கொடுக்கும் மீட்டிங்கில் நானும் இருப்பேன்.

சித்தப்பா


19 ஆகஸ்ட், ஞாயிறு

சித்தப்பாவுக்கு,

சொல்லிவிட்டேன். இதைப் பகலிலேயே எழுதுகிறேன், ஆனாலும் பழக்கத்தில் மெதுவாகத்தான் எழுத வருகிறது.

காலையில் அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்க்காமல், ஷூவைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னேன். பிரஷ் நின்றது. அடிப்பார் என்று நினைத்தேன். இதுவரை அடித்ததில்லை, ஆனாலும் அப்படித்தான் தோன்றியது.

"அப்ப தம்பி எதுவும் பண்ணலையா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். பிரஷைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும், "அவன் ஒண்ணுமே பண்ணலையா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மேல் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உங்களைப் பற்றி அப்படிக் கேட்டதைத் தாங்க முடியவில்லை.

பிறகு டேபைக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். 'அகமகிழ்ந்து' வந்ததும் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்பாவுக்கும் உதடு துடித்தது. பேக்கரிக்குத் தொண்ணூறு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சிரிச்சவனுக்கா தொண்ணூறு? வாங்கப்போறதில்லைன்னு முடிவு பண்ணிட்டவன்தான்மா சிரிப்பான். அவனுக்கு என்ன நஷ்டம்? வாங்கப்போறவன் மெஷினைப் புரட்டிப் பார்ப்பான், குத்தம் சொல்வான், விலையைக் கேட்டுட்டு என் பரம்பரையையே திட்டுவான். நோட்டுல 'திட்டினார்'னு போட்டா மறுநாளே போய் நிக்கணும்னு எனக்கு அடையாளம்."

உங்கள் பதினேழில் பதினாலு இப்போது புரிகிறதா?

கடைசியில் மெதுவாக, "எனக்கு முப்பத்தஞ்சுக்குக் கீழ போட்டதே இல்லையா?" என்று கேட்டார். பாஸ் மார்க் அப்பா, என்றேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பழைய விளக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார். எழுதியது தன் மகள் என்றும், நான்கு மாதம் டேபைத் திறக்காமலே கைதட்டல் வாங்கிக்கொண்டது தன் தப்பு என்றும். பிள்ளையை ஏன் இழுக்கிறீர்கள் என்று அம்மா சண்டை போட்டாள். அப்பா மாற்றவில்லை.

உங்கள் கடிதங்களையும் கொடுத்துவிட்டேன். எல்லா வரிகளையும்தான். படித்துவிட்டு மடித்து வைத்தார்.

நாளைக்கு என்ன ஆகும்?

சுண்டெலி


21 ஆகஸ்ட், செவ்வாய்

சுண்டெலிக்கு,

அப்பா வீட்டில் என்ன சொன்னார் என்று தெரியாது. நான் பார்த்ததை எழுதுகிறேன்.

அண்ணன் தன் விளக்கத்தை வேகமில்லாமல், நின்றுகொண்டே படித்தார். பெரிய சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பள்ளிக்கூடப் பொண்ணு சொன்னதைக் கேட்டா நாம இருநூறு மெஷின் இறக்கினோம்?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. மாமனார் பெயர் போட்டவர் மட்டும் தன் காலணியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

ரிப்போர்ட் மேடம், "அப்போ இதுல எதுதான் உண்மை?" என்று கேட்டார். பாவம், அவர் ஒவ்வொரு வாரமும் அந்தப் பக்கங்களை நம்பித்தான் படித்திருக்கிறார். அப்போதுதான் நான் எழுந்தேன். இது அவர் எழுத்து இல்லை என்று எனக்கு ஏப்ரலிலேயே சந்தேகம் இருந்தது, திட்டம் நின்றுவிடும் என்று சொல்லவில்லை என்றேன். அந்தத் தலைகீழ் விஷயத்தையும் சொன்னேன்; சிரிப்பவன் வாங்க மாட்டான், திட்டுபவன்தான் வாங்குவான் என்று அண்ணன் அதற்குக் காரணம் சொன்னார். பெரிய சார் அண்ணனைப் பார்த்து, "இந்தச் சிரிப்பு, திட்டு எல்லாம் எங்கேயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?" என்றார். "எழுதி வெச்சதாலதான் சார் இவ்வளவு வம்பு" என்றார் அண்ணன்.

சாஃப்ட்வேரை நிறுத்திவிட்டார்கள். என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அண்ணன் விஷயத்தில் முடிவைத் தபாலில் அனுப்புவார்களாம்.

என்னை அவர் 'சார்' என்றுதான் கூப்பிட்டார். "பதிவு ஆரம்பிச்ச தேதியைச் சார் சொல்வாரு" என்று கையைக் காட்டினார். வெளியே ஒரே பஸ் நிறுத்தத்தில் இருபது நிமிடம் நின்றோம். அவர் சாலையைப் பார்த்தார். நான் கால அட்டவணையைப் படித்தேன். அவருடைய பஸ் முதலில் வந்தது.

எனக்கு வருத்தமா நிம்மதியா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

சித்தப்பா


2 செப்டம்பர், ஞாயிறு

சித்தப்பாவுக்கு,

முடிவு வந்துவிட்டது. அப்பாவுக்கு வேலை போகவில்லை. எச்சரிக்கை கொடுத்து, அவருடைய தெருக்களில் பாதியை எடுத்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அம்மா கடவுளே என்று உட்கார்ந்துவிட்டாள். அப்பா தன் தெருக்களின் பட்டியலை ஒரு தாளில் எழுதி, எடுத்துவிட்டவற்றைக் கோடு போட்டு அடித்தார். கோடு போடும்போது ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நின்றார்.

அந்தப் பாதித் தெருக்களுக்கு வருவது உதிரிபாகப் பிரிவில் இருந்த ஒரு ஆன்ட்டி. அப்பா வயதுதான் இருக்கும். இன்று மதியம் வீட்டுக்கே வந்துவிட்டார். பையைக் கீழே வைப்பதற்குள், "அண்ணே, எனக்கு உங்க தெருவுல ஒரு மண்ணும் தெரியாது. நாளைக்கு நான் போய் அசிங்கப்படக் கூடாது. ஒவ்வொரு ஆளையும் சொல்லுங்க" என்றார்.

அப்பா சொன்னார். மூன்று மணி நேரம் சொன்னார். மருந்துக் கடைக்காரருக்கு இடது காது கேட்காது, வலது பக்கம் நிற்க வேண்டும். மீன் கடையில் தம்பியிடம் பேசக் கூடாது, அக்காதான் முடிவெடுப்பவள். மாவு மில்லில் மெஷின் கெட்டால் புதிதை விற்கப் போகக் கூடாது, முதலில் பழையதைச் சரிசெய்ய வேண்டும், மில்காரர் அதைப் பத்து வருடம் மறக்க மாட்டார். ஆன்ட்டி குறுக்கே குறுக்கே, "ஏன்?", "அப்புறம்?", "பொய் சொல்லாதீங்க, மில்காரன் எங்க சொந்தக்காரன், அவனுக்கு நேத்துச் சாப்பிட்டதே ஞாபகம் இருக்காது" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பா நோட்டை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. இவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து எனக்கு வெகு நாளாகிவிட்டது. தன் தெருக்களைக் கொடுத்துவிடுகிறவர் ஏன் சந்தோஷமாக இருந்தார் என்று எனக்குப் புரியவே இல்லை.

ஆன்ட்டி போனதும் கேட்டேன். "இதையெல்லாம் ஏன்ப்பா சித்தப்பாகிட்ட சொல்லல?"

அப்பா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தார். "அவன் கேக்கலையே. நோட்டைக் குடுன்னான். கட்டத்தை நிரப்புன்னான். நான் இல்லேன்னா என்ன ஆகும்னான். என்னை எங்க கேட்டான்?"

கோபமாகச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. சமையலறைக்குள் போய்க்கொண்டே சொன்னதால் முகம் தெரியவில்லை.

நீங்கள் வந்து கேட்டால் உங்களிடம் சொல்வாரா? அதுவும் எனக்குத் தெரியவில்லை. நான் அவரிடம் கேட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மறுபடியும் நானே நடுவில் உட்கார்ந்து நிரப்புவது போல இருக்கும்.

அடுத்த ஞாயிறு அப்பா வீட்டில்தான் இருப்பார். நீங்களே வந்து கேளுங்கள்.

சுண்டெலி